எடுக்கிற நாள்

3 பிப்ரவரி 2019, ஞாயிறு

சர்வீஸில் இருந்த காலம் முழுக்க டூர் டைரி எழுதியவன் நான். எடையளவு ஆய்வாளர் உத்தியோகம். முற்பகல் இன்ன சந்தையில் தராசுகள் சோதனை, பிற்பகல் முகாம் திரும்பல் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். மழை பெய்தது, பசித்தது, மனசு சரியில்லை என்பதெல்லாம் அதில் வரக்கூடாது. செய்ததை மட்டும் எழுத வேண்டும். ஓய்வு பெற்றபின் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. இன்றிலிருந்து மறுபடி எழுதலாம் என்று இருக்கிறேன். மேலே அனுப்ப ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

முற்பகல்: போர்ட்டிகோவில் நிற்கும் காரின் மேலிருந்த தார்ப்பாயை நானும் மருமகள் சாருலதாவும் விலக்கினோம். உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பின்சீட்டுத் தோலைக் கிழித்து மெத்தை தயார் செய்திருந்தது. அந்தக் காரில் சமீபத்தில் சுகமாக வாழ்ந்த ஒரே ஜீவன் அதுதான்.

கார் இங்கிலாந்தில் செய்தது. என்னைவிடச் சில வயது இளையது. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம். குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கோழி அடைக்கிற இடமாகக் கிடந்ததை என் மகன் தரணீதரன் லாரியில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தான். வால்நட் மரத்தில் டேஷ்போர்டு, தோல் சீட்டு, பின்னால் உட்காருகிறவருக்கு மடக்கு மேஜை, எல்லாம் உண்டு. ஓடுவது மட்டும் கிடையாது. புதிதாக இருந்த காலத்திலேயே துரை பின்சீட்டிலும், தள்ளுவதற்கு இரண்டு பேர் டிரைவருக்குப் பக்கத்திலும் போவார்களாம். தரணி அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தான். வேலை செய்யாது, செலவு மட்டும் வைக்கும் என்று விளக்கமும் சொன்னான்.

இன்ஜினைப் பிரித்து, பாகங்களை ஸ்வீட் டப்பாக்களில் போட்டு வைத்தவன், போன சித்திரையில் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மேஜையில் தலை சாய்த்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்தாறு வயது.

இதெல்லாம் டைரியில் வர வேண்டியதில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிற்பகல்: எதிர்வீட்டுக் கிட்டுசாமி கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "வண்டிய எப்பங்க எடுக்கறீங்க?" என்றார். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். மரியாதைக் குறைவுதான்.

4 பிப்ரவரி, திங்கள்

தார்ப்பாயை விலக்கியதற்குக் காரணத்தை நேற்று எழுதவில்லை.

சாருவின் அண்ணன் மகுடேஸ்வரன் போன வாரம் உடுமலையிலிருந்து வந்தான். தாராபுரத்தில் ஒரு மாட்டு டாக்டர் இருக்கிறாராம். பெயர் பார்த்திபன். மனைவி இறந்துவிட்டாள், குழந்தை இல்லை, நல்ல மனிதர், சாருவைப் பற்றி எல்லாம் தெரியும், சம்மதம் என்கிறார் என்று ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தான். தானாக வரவில்லை அவன். வரச்சொன்னதே என் மனைவி மயிலாத்தாள் என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. பெற்றவளே இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. அன்று அவள் கையால் சாப்பிடவில்லை. ராத்திரி பசித்ததால் மறுபடி அவள் கையால்தான் சாப்பிட்டேன்.

சாரு முழுவதையும் கேட்டாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"அவர் பாதில விட்டுட்டுப் போனது இது ஒன்னுதானுங்க. இந்த வண்டி ஓடட்டும். ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு நான் பதில் சொல்றனுங்க."

மகுடேஸ்வரன் என்னைப் பார்த்தான். அதற்கென்ன, சேர்ந்து சரி செய்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

20 பிப்ரவரி, புதன்

பெட்ரோல் டேங்கைக் கழற்றி அலசினோம். வந்த துருவைப் பார்த்தால் டேங்கே மிச்சம் இருக்குமா என்று சந்தேகமாக இருந்தது.

சாரு ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். நாலரை மணிக்கு வந்து, முகம் கழுவி, தரணியின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்துவிடுகிறாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மைசூர்பாக் டப்பாவில் வால்வு, அல்வா டப்பாவில் கார்பரேட்டர் சாமான். நான் தப்பான டப்பாவைத் திறந்தால், "அது இல்லைங்க மாமா, தீபாவளிக்கு வந்த டப்பா" என்கிறாள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று ரூமில் இருந்தோம். இப்போதுதான் ஒருவர் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிடுகிறோம். ஸ்பானருக்காகத்தான் என்றாலும் கூப்பிடுகிறோம். நாலரை மணி எப்போது ஆகும் என்று மத்தியானத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்றே எழுதலாம். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

5 மார்ச், செவ்வாய்

பிரேக் ஆயில் ஒழுகுகிறது. கிளட்ச் ஒழுகுகிறது. தண்ணீர் பம்பும் ஒழுகுகிறது. இந்த வண்டிக்கு உடம்பெல்லாம் கண்ணீர் என்று மயிலு சொன்னாள். அவள் ஜோக் அடித்து வெகுநாள் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

17 மார்ச், ஞாயிறு

எலக்ட்ரீசியன் இருதயராஜ் வந்தார். செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கோளாறு எங்கே என்று காலையிலிருந்து தேடி, கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரை வெளியே எடுத்தார். நம் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்புத் துண்டு, தலையில் பித்தளைத் தகடு. அவ்வளவுதான். அதுதான் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். இதில் மயிரிழை விரிசல். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாக நழுவிப்போகிறது. பார்த்தால் நல்லதுபோலத்தான் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும் என்றார்.

சாரு உள்ளே போய் ஒரு புது ரோட்டர் கொண்டுவந்தாள். தரணி இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு. எந்தப் புதுப் பாகம் வந்தாலும் அவன் சாருவின் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பானாம், நம்ம வாங்கினது என்பதற்கு அடையாளமாக. அவளே மாட்டினாள். அவளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள்.

பிடித்துவிட்டது.

போர்ட்டிகோ முழுக்கப் புகை. பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு கிட்டுசாமி வீட்டுக்குக் குடிபோயிற்று. மயிலு மாவுக்கையோடு ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாரு இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அடுத்த ஞாயிறு ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

கண்ணைத் துடைத்த கையோடு மயிலு மகுடேஸ்வரனுக்கு போன் செய்தாள். அந்த டாக்டரையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

18 மார்ச், திங்கள்

முற்பகல்: சாரு ஸ்கூலுக்குப் போனாள்.

பிற்பகல்: மயிலு தூங்கினாள். நான் என் எடைப்பெட்டியை எடுத்துத் துடைத்தேன். ரிட்டயரானபோது ஆபீஸ் சகாக்கள் பரிசாகக் கொடுத்தது. பித்தளை எடைக்கற்கள் வரிசையாக வெல்வெட் குழிகளில் உட்கார்ந்திருக்கும். ஒரு கல் எப்போதோ தொலைந்துபோய், அந்தக் குழி மட்டும் காலியாக இருந்தது.

வேறு குறிப்பிடும்படியான வேலை இல்லை.

24 மார்ச், ஞாயிறு

மகுடேஸ்வரனும் அந்த டாக்டரும் வந்தார்கள். மயிலு கேசரி கிளறியிருந்தாள்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிப்போயிற்று. எல்லோரும் தள்ளினார்கள். டாக்டர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார். வேர்த்துக் கொட்டியும் முகம் சுளிக்கவில்லை. சினைப்பிடிக்காத மாட்டையே பொறுமையாகப் பார்க்கிறவர், இதற்கு ஏன் அலுத்துக்கொள்ளப்போகிறார். அந்தக் காலத்துச் சீமைக் கார்கள் இப்படித்தான், இன்று ஓடும், நாளை ஓடாது, நம்ப முடியாது என்று நான் அவரிடம் விளக்கினேன். ரொம்ப நேரம் விளக்கினேன் என்று நினைக்கிறேன்.

சாரு பானெட்டைத் தூக்கி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கார்பரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திரும்ப மாட்டினாள்.

"ஒன்னும் தெரியலைங்க மாமா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள்.

கேசரி நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

25 மார்ச், திங்கள்

வேலை எதுவும் இல்லை.

6 ஏப்ரல், சனி

சாரு ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்கூல் விட்டு வந்து ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போர்ட்டிகோ பக்கம் வரவில்லை. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வாங்கி வந்து நானாகக் கூப்பிட்டேன். சும்மா ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பாரேன் கண்ணு என்றேன்.

முதல் அடியிலேயே பிடித்துவிட்டது. கேட்டுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓட்டினாள். பின்சீட்டில் என்னை உட்காரவைத்து, "எங்கீங்க துரை போகோணும்?" என்று கேட்டாள். மடக்கு மேஜையை விரித்து அதில் கை வைத்துக்கொண்டு, குன்னூருக்கு விடு என்றேன். சிரித்தாள். போன சித்திரைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல்.

7 ஏப்ரல், ஞாயிறு

மகுடேஸ்வரன் வந்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

8 ஏப்ரல், திங்கள்

இருதயராஜை வரச் சொல்லலாமா என்று மயிலு கேட்டாள். அவர் வேறு இடத்தில் பெரிய வேலை எடுத்திருக்கிறார், இப்போது வரமாட்டார் என்று சொன்னேன். நான் அவரிடம் பேசியே மூன்று வாரம் ஆகிறது. மனிதர் வேலையாகத்தான் இருப்பார்.

23 ஏப்ரல், செவ்வாய்

தரணிக்கு வருஷத் திதி. ஐயர் வந்து போனார். காக்கைக்குச் சோறு வைத்தோம்.

வெளியே வந்தபோது கிட்டுசாமி மறுபடியும் கேட்டார், வண்டி எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மற்றவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், பால்காரர்கூட. வேறு எப்படித்தான் கேட்பார்கள்.

ஆனால் போன வருஷம் இதே நாள், இதே கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, இதே மனிதர் மெதுவான குரலில், "எப்பங்க எடுக்கறீங்க?" என்று கேட்டார். வந்தவர் எல்லோரும் அதையே கேட்டார்கள். துக்க வீட்டில் அதைத்தான் கேட்க வேண்டும், தெரியும். உடுமலையிலிருந்து ஆள் வர வேண்டும், வந்ததும் எடுக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மயிலுதான் எழுந்து வாசலுக்கு வந்து, நாலு மணிக்கு எடுத்தர்றோமுங்க என்றாள். பெற்றவள் சொன்னாள். நான் சொல்லவில்லை. இன்றுவரை நான் சொல்லவில்லை.

மத்தியானம் சாரு காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய் நின்றேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வாங்கிக்கொண்டாள்.

12 மே, ஞாயிறு

மகுடேஸ்வரன் இந்தத் தடவை கோபமாகப் பேசினான். அந்த டாக்டரின் அம்மா வேறு இடம் பார்க்கிறாராம். டாக்டர்தான் பொறுத்திருக்கலாம் என்கிறாராம். ஆனியில் முடியாவிட்டால் ஆடி வந்துவிடும், அதன்பிறகு அந்தப் பேச்சே கிடையாது என்றான். ஓடாத வண்டிக்காக ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பதா மாமா, நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் நியாயம் கேட்டான்.

நான் என்ன சொல்வது. இங்கிலாந்துக்காரன் செய்த தப்புக்கு என்னைக் கேட்கிறான்.

சாரு தலை குனிந்து கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓடாமல் நான் பதில் சொல்லமாட்டேன் அண்ணா என்று மட்டும் சொன்னாள். எனக்கு உள்ளே ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி ஆறுதலாக இருந்தது. உடனே அது பிடிக்காமலும் போயிற்று.

14 மே, செவ்வாய்

டேஷ்போர்டு மரத்துக்கு பாலிஷ் போட்டேன். முகம் தெரிகிறது. கிழவன் முகம்தான்.

ஸ்கூல் லீவு என்றாலும் சாரு நாலரைக்கு போர்ட்டிகோவுக்கு வந்தாள். சீட்டுத் தோலுக்கு எண்ணெய் தேய்த்தாள். அவள் மெலிந்துவிட்டாள். தரணியின் சட்டை தோளில் நிற்காமல் நழுவுகிறது. எதற்காக இந்த வண்டியை இவ்வளவு துடைக்கிறோம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்வதில்லை.

29 மே, புதன்

மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மயிலு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பரிமாறும்போது அவள் உட்காருகிற வழக்கம் இல்லை.

"ஏனுங்க, அவளுக்கு முப்பத்திரண்டு ஆச்சுங்க. நாளைக்கு நீங்க கண்ண மூடிட்டா, நான் மூடிட்டா, இந்த வீட்டுல அவளும் அந்தக் காரும்தான் இருக்கோணும். நெனச்சுப் பாத்தீங்களா?"

வண்டி ஓடவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

அவள் மோர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டறவனையெல்லாம் தேடிப் புடிச்சவருங்க நீங்க."

பிறகு மோர் ஊற்றினாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

30 மே, வியாழன்

சர்வீஸில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. சந்தையில் தராசைப் பார்க்காதே, வியாபாரியின் கண்ணைப் பார். யோக்கியன் தராசைப் பார்ப்பான். புளி ஒட்டியவன் உன் முகத்தைப் பார்ப்பான், இல்லையென்றால் வேறு எங்கேயாவது பார்ப்பான்.

மயிலு எதற்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

2 ஜூன், ஞாயிறு

மேலே அனுப்ப வேண்டிய டைரியாக இருந்தால் இன்றைக்குச் சுகவீனம், விடுப்பு என்று எழுதியிருப்பேன். எழுதியே ஆக வேண்டும்.

வண்டியின் கோளாறு நான்தான். புது ரோட்டரைக் கழற்றி எடைப்பெட்டியின் காலிக்குழியில் வைத்துவிட்டு, விரிசல் விட்ட பழசைத் திரும்ப மாட்டியது நான். அவள் சாப்பிடாமல் கிடந்த அன்று நல்லதை மாட்டினேன். அவள் சிரித்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் விடிந்ததும் திரும்பக் கழற்றினேன். அவள் போய்விட்டால் தரணியைப் பற்றி என்னிடம் பேச ஆள் இருக்காது என்று பயந்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலரை மணிக்கு யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று பயந்தேன். அவளுக்காக என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்காகத்தான் செய்தேன்.

காலையில் மயிலு கோலம் போட்டு முடித்ததும், ரோட்டரை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனேன். பானெட்டைத் தூக்கி, மூடியின் கிளிப்புகளைத் தள்ளிவிட்டுத் திறந்தேன்.

உள்ளே சிவப்புப் பொட்டு வைத்த ரோட்டர் உட்கார்ந்திருந்தது.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. மடியைத் தொட்டுப் பார்த்தேன். என்னுடையது இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதையும் கையில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் பொட்டு.

பின்னால் சாரு நின்றிருந்தாள். குளித்து, தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் ரெண்டு வாங்கியிருந்தாருங்க மாமா. இந்த வண்டி ரோட்டரைத் தின்னும், ஒன்னு போதாதுன்னு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு எங்கண்ணன் வந்தப்பவே தெரியுமுங்க. மூடியத் தெறந்தேன், பொட்டு இல்ல. இன்னொன்னு எம் பீரோவுலதான் இருந்துச்சு. போட்டிருக்கலாம்." துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எனக்கும் அப்ப இது ஓட வேண்டாம்னுதான் இருந்துச்சுங்க மாமா. நீங்க பண்ணுனது எனக்கு ஒதவியா இருந்துச்சு. இப்ப முடியலீங்க. ஓடட்டும்."

நான் கையில் இருந்ததை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள்.

"உங்களது உங்ககிட்டயே இருக்கட்டும். ஸ்பேர்."

நான் அழுதேன். மகனை அனுப்பிய அன்றுகூட இப்படி அழவில்லை. அவள் என்னைத் தேற்றவில்லை, தானும் அழவில்லை, பக்கத்தில் நின்றாள். மயிலு கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முற்பகல்: வண்டி முதல் அடியில் ஸ்டார்ட் ஆயிற்று. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மூன்று பேரும் ஏறி, சரவணம்பட்டி வரை போய்த் திரும்பினோம். சாரு ஓட்டினாள். இரண்டு இடத்தில் தண்ணீர் கொதித்தது. அது கணக்கில் இல்லை.

பிற்பகல்: சாரு அண்ணனுக்கு போன் செய்து, சரி என்று சொன்னாள்.

3 ஜூன், திங்கள்

நாலரை மணிக்கு சாரு வந்தாள். போர்ட்டிகோவில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. டீ குடித்தோம்.

23 ஜூன், ஞாயிறு

பேரூர்க் கோயிலில் கல்யாணம். மொத்தமே ஒரு வேன் ஆள். சாரு நீலப் பட்டுக் கட்டியிருந்தாள். ஜமீனைத் தானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மணப்பெண்ணே கார் ஓட்டிக்கொண்டு போவதை கணபதியில் ரோட்டோரத்து ஆட்கள் நின்று பார்த்தார்கள். நானும் மயிலுவும் துரைமார் போலப் பின்சீட்டில் இருந்தோம். மடக்கு மேஜைமேல் தாம்பாளம்.

யார் கை பிடித்துக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது மகுடேஸ்வரன் முன்னால் வந்தான். சாரு என்னைப் பார்த்தாள். நான் போய் நின்றேன். டாக்டர் பார்த்திபனின் கை காய்ப்புக் காய்த்திருந்தது. அந்தக் கையைப் பிடித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் போயிற்று. அதுவும் போனதில் கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

சாப்பாடு முடிந்து அவர்கள் தாராபுரம் கிளம்பினார்கள். அவள் மயிலுவின் காலைத் தொட்டாள், என் காலைத் தொட்டாள். கார்ச் சாவியை என் கையில் வைத்தாள். வண்டி நின்றால் போன் பண்ணுங்க மாமா என்றாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். என்ன வாழ்த்தினேன் என்று நினைவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ஜமீன் உக்கடம் குளத்தோரம் வரும்போது இருமிவிட்டு நின்றது. செல்ஃப் அடித்தேன், பிடிக்கவில்லை. மயிலு பின்சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின.

இறங்கி மூடியைத் திறந்து, ரோட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை விரிசல். தரணி சொன்னபடியே தின்றுவிட்டது. சட்டைப்பையில் கை விட்டேன். அன்றிலிருந்து அந்த ஸ்பேர் என் பையிலேயேதான் இருக்கிறது, எடைப்பெட்டிக்கு அது திரும்பப் போகவில்லை. மாற்றி மாட்டி மூடி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க" என்றாள் மயிலு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எட்டி என் தோளில் கை வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கேட்டைத் திறக்க இறங்கினேன். மூன்று ரூமிலும் விளக்கு இல்லை. ஒரு மாதம் ஊரில் இல்லாமல் இன்றுதான் திரும்பியிருந்த கிட்டுசாமி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டின் முன் நிற்கிற காரைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து வந்தார்.

"அட, ஓடுதுங்களா! வண்டிய எப்பங்க எடுத்தீங்க?"

கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"எடுத்துட்டோமுங்க" என்றேன். "எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

அவர் முதலில் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.